குமரிக்கண்டம் நூலைப் பிள்ளைகளுடன் படிக்க உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருடன் புத்தகம் படிக்கிறோம். இந்த மாதம் ஒரு பையன் குமரிக்கண்டம் பற்றிய தடித்த நூலொன்றைக் கொண்டுவந்தான். மூழ்கிய அந்தக் கண்டத்தில்தான் மனித இனமே பிறந்தது என்கிறது நூல். பிள்ளைகள் கண் விரிய நம்புகிறார்கள். அந்த ஆர்வத்தை நசுக்க எனக்கு மனமில்லை. பொய்யை ஊட்டவும் மனமில்லை.

பஃறுளியாற்றைக் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் பாடுகிறது. பனியுகம் முடிந்தபோது கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. கரையோர நிலம் மூழ்கியது உண்மை. ஆனால் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்படும் ‘லெமூரியா’ என்பது ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864-இல் முன்வைத்த ஊகம். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கின் உறவினங்கள் காணப்படுவதை விளக்க அவருக்கு ஒரு கண்டம் தேவைப்பட்டது. கண்டங்களைத் தாங்கும் நிலத்தட்டுகள் நகர்வது தெரிந்தபின் அந்தத் தேவை போய்விட்டது. நூலில் இந்தப் பிற்பாதி இல்லவே இல்லை! அதுதான் என்னை உறுத்துகிறது.

பக்கத்திலேயே பழங்காலக் கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் வரும் புகழுரை) கூறும் கடாரம் இந்தக் கெடாதான் என்பது அறிஞர் கருத்து. தொட்டுப் பார்க்கக்கூடிய கல் அருகில் இருக்க, பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை.

படிவம் மூன்று, நான்கு (15, 16 வயது) மாணவர்களுக்குப் புரியும்படி கல்வெட்டுச் சான்றுகளை விளக்கும் தமிழ் நூல் எது? மேற்கோளை மூலத்தோடு ஒப்பிடும் பயிற்சியை யாராவது நடத்தியிருக்கிறீர்களா? இந்தியப் பெருங்கடலின் ஆழம் காட்டும் வரைபடம் தமிழில் கிடைக்குமா? வரும் ஞாயிறு மூன்றாம் அதிகாரம் தொடங்குகிறோம். அதற்குள் சொன்னால் பேருதவி.