சீட்டு கையில் இருக்கிறது, ஆசைதான் இல்லை

வணக்கம் நண்பர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை எனக்கு. லயத்துத் திண்ணையில் அப்பாவும் சித்தப்பாவும் ரப்பர் கொட்டையைப் பந்தயம் வைத்து ரம்மி ஆடியதைப் பார்த்து வளர்ந்தவன். சீட்டு என்றால் எனக்கு அந்தச் சிரிப்புதான்.

இப்போது மூன்று வருடமாக போக்கர். இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் கைபேசியில் ஒரே நேரத்தில் நான்கு மேசையில் ஆட்டம். போன வாரம் முதல் இரண்டு சீட்டே ஜோடி ஏஸாக விழுந்தது, அதைவிடச் சிறந்த தொடக்கம் கிடையாது. சராசரியாக 221 கைக்கு (சுற்றுக்கு) ஒரு தடவைதான் வரும். மனம் அசையவே இல்லை. பக்கத்தில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறி ஆடை படிந்திருந்ததுதான் கண்ணில் பட்டது. தோற்றால் மட்டும் எரிச்சல் வருகிறது, அடுத்த கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பந்தயத்தை ஏற்றுகிறேன்.

கடன் எதுவும் இல்லை. "ஒரேடியா விட்டுடுங்களேன்" என்கிறாள் மனைவி. அதற்கும் மனமில்லை.

ஒரு மாதம் முழுதாக நிறுத்திப் பார்த்தவர்கள் உண்டா? திரும்பி வந்தபோது பழைய ருசி இருந்ததா? இல்லை, ஒரே மேசையாகக் குறைத்தால் போதுமா? அப்புறம், காசு வைக்காமல் ஞாயிறு மாலை நேரில் உட்கார்ந்து ஆட இந்தப் பக்கம் யாராவது வருவீர்களா? ரப்பர் கொட்டைக்கு ஆடலாம். (சுற்றிலும் செம்பனை, கொட்டைக்கு எங்கே போவது என்பது வேறு கதை.)