பி2பூல்: மூணு பேர் மைனிங், காசு மட்டும் என் வாலட்டுக்கே. உறுப்பினரை எங்க சேர்க்கறது?

பல்லடம் தம்பி: வணக்கமுங்க. எங்க பனியன் டிசைன் ஆபீஸ்ல ஆறு ரைசன் கம்ப்யூட்டர் ராத்திரில சும்மா கெடக்குது. நானு, மச்சான், பங்காளி ஒருத்தர், ஆளுக்கு ரெண்டுன்னு பிரிச்சு மொனேரோங்கற கிரிப்டோ காசுக்கு மைனிங் (கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காசு எடுக்கறது) ஓட்டறோம். பல பேர் சேர்ந்து மைனிங் பண்ணிப் பங்கு எடுத்துக்கற பி2பூல் மென்பொருள் என் மெஷின்ல, சின்ன ஆளுங்களுக்கான அதோட மினி செயின்ல (பதிவுச் சங்கிலி) ஓடுது. மத்தவங்க எக்ஸ்எம்ரிக்ங்கற மைனர் மென்பொருள்ல யூசர்ங்கற எடத்துல அவங்கவங்க வாலட் முகவரியப் போட்டு, என் மெஷினோட 3333 போர்ட்டுல (இணைப்பு எண்) சேர்ந்தாங்க. மூணு தடவை காசு வந்துச்சு, மூணும் எனக்கே. மச்சான் ஒண்ணும் கேக்கல, ஆனா எனக்குத் தூக்கம் வரலீங்க. இதுல லாகின், அட்மின் எதுவுமே காணோம், கருப்புத் திரைதான் இருக்குது. மச்சான் திரைல 'அக்செப்டட்' 400 தாண்டிருச்சு, பி2பூல்ல ஸ்டேட்டஸ்னு அடிச்சா ஷேர் ரெண்டுங்குது. எது நெசம்?

சோமனூர் அண்ணன்: தம்பி, ரெண்டும் நெசந்தான். 'அக்செப்டட்' உங்க பி2பூலுக்கும் மைனருக்கும் நடுவுல இருக்கற கணக்கு, மெஷின் வேலை செய்யுதான்னு பாக்க அது போதும். காசுக்கு எண்ணறது பி2பூல் செயின்ல ஏறின ஷேர, அதாவது வேலை செஞ்சதுக்கான சான்ற மட்டும்தான். அது கஷ்டமானது, அபூர்வமா விழும். ஏறின ஷேர் அந்த செயின்ல 2160 பிளாக் (பதிவுத் தொகுதி) வரைக்கும் கணக்குல நிக்கும், 10 வினாடிக்கு ஒண்ணுன்னா ஆறு மணி நேரம். அதுக்குள்ள பூல் ஒரு மொனேரோ பிளாக் புடிச்சா உங்க பங்கு அந்த பிளாக்லயே வந்துரும். நடுவுல காசு வச்சுப் பிரிக்கற ஆளே கெடையாது, அதனால அட்மினும் இல்ல. பி2பூல ஆரம்பிக்கறப்ப எந்த வாலட்டக் குடுக்கறீங்களோ அவர்தான் உறுப்பினர். யூசர்ல போட்ட முகவரிய காசு குடுக்க அது பாக்கறதே இல்ல.

பவானி அக்கா: ஆளுக்கொரு பி2பூல் ஓட்டுங்க தம்பி. மொனேரோ நோடு (மொனேரோ நெட்வொர்க்கோட இணைக்கற மென்பொருள்) ஒண்ணே போதும், ஒரே மெஷின்லயே தனித்தனி ஃபோல்டர்ல வச்சுக்கலாம். மைனர் சேர்ற போர்ட்டு 3333, 3334, 3335ன்னு இருக்கட்டும். முகவரி 4ல தொடங்கற முதன்மை முகவரியா இருக்கோணும், 8ல தொடங்கறது ஆகாது. இந்த முகவரிகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்ங்கறதால மைனிங்குக்குன்னு தனி வாலட் வச்சுக்கறது நல்லது.

பல்லடம் தம்பி: ரெண்டாவது பி2பூல் தொடங்கின உடனே நின்னு போகுதுங்க அக்கா.

பவானி அக்கா: வெளிய பி2பூல் ஓட்டற மத்த கம்ப்யூட்டரோட பேசற போர்ட்டும் தனியா இருக்கோணும், நான் சொல்ல மறந்துட்டேன். மினிக்கு அது 37888. அத முதல் ஆளு புடிச்சுக்கிட்டாரு, மத்த ரெண்டுக்கும் வேற எண் குடுங்க.

பல்லடம் தம்பி: ஓடுதுங்க! இன்னிக்கு விடியால மச்சான் வாலட்டுக்கே நேரா வந்துச்சு, பூட்டித்தான் கெடக்குது.

சோமனூர் அண்ணன்: 60 மொனேரோ பிளாக் தாண்டோணும், ரெண்டு மணி நேரத்துல தெறந்துக்கும். முன்ன வந்தத பூல் மாத்தித் தராது, அது உங்க கையிலதான்.

பல்லடம் தம்பி: ஆறு மெஷினும் ஒரே மாடலுங்க அண்ணா, அந்த மூணு தடவை வந்தத சரிசமமா மூணாப் பிரிச்சு இப்பத்தான் அனுப்பிவிட்டேன்.