புதுப்பிப்பு: டிக்கில வச்ச பேட்டரி இப்ப எப்படி இருக்கு

போன மாசம் சொன்னேம்லா, என் பழைய மாருதி 800ல பேட்டரி தட்டு துருப்பிடிச்சு ஓட்டையாயிட்டு, அதனால பேட்டரியை டிக்கிக்கு மாத்தினேன், ஆனா சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருதுன்னு. நெறைய பேரு கேபிள் சின்னதுன்னு சொன்னீங்க, கேபிள் 35 ஸ்கொயர் எம்எம் செம்பு, அது போதும்.

குத்தம் எர்த்லதான்வே, அதாவது பேட்டரி மைனஸை கார் பாடியோட சேக்குத இணைப்புல. மீட்டரை பேட்டரி மைனஸ்லயும் என்ஜின் பிளாக்லயும் வச்சு ஸ்டார்ட் அடிச்சுப் பாத்தா 1.4 வோல்ட் அங்கேயே வீணாப் போவுது, எர்த் கேபிள் போல்ட்டைக் கழட்டினா அடியில பெயிண்ட் அப்படியே பளபளன்னு கெடக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வெறும் இரும்பு தெரிய வச்சு முறுக்கி, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு தனி எர்த் கேபிளும் போட்டேன், இப்ப 0.2தான்.

அதைவிட பயந்தது வேற. பாளை பக்கம் வயரிங் பாக்குத அண்ணாச்சி சீட்டைத் தூக்கிப் பாத்துட்டு "ஏலே, பியூஸ் எங்கலே?"ன்னாரு. நான் அதை முன்பக்கம் ஸ்டார்ட்டர் கிட்ட போட்டிருந்தேன், கூறுகெட்ட வேலை, பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவுல கேபிள் பாடில உரசுனா அந்த பியூஸால ஒரு பிரயோஜனமும் இல்ல, கீழ பெட்ரோல் டேங்க் வேற. இப்ப பிளஸ் டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துல 200 ஆம்பியர் பியூஸ், தகரத்துல கேபிள் நுழையுத ஓட்டைக்கு கேபிள் அறுபடாம இருக்க ரப்பர் வளையம் (கிராமெட்).

பேட்டரி சார்ஜ் ஆவும்போது வர்ற கேஸ் வெளிய போவ டியூப் மட்டும் பாக்கி, அது வரைக்கும் பேட்டரியைக் கழட்டி வீட்டுலதான் வச்சிருக்கேன்.