கலைச்சொல் தேவை: 'ஸ்விம்பெய்ட்' – நீந்திரையா, பொய்ம்மீனா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

பாஸ் மீன் பிடிக்கும் கணவருக்கோ அண்ணனுக்கோ பரிசு வாங்க நினைத்து, ஆனால் தாம் தூண்டிலையே தொட்டறியாத ஆட்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பரிசு என்று நான் சொல்லப்போவது 'ஸ்விம்பெய்ட்' என்கிற பெரிய, மெத்தென்ற பொம்மை மீனை. நீளம் 6 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் வரை. உள்ளே எடையும் முள்ளும் பதித்திருக்கும். நீரில் இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'நீச்சல் இரை' என்று எழுதிப் பார்த்தேன். நீச்சல் குளத்தில் தவறி விழுந்த ஏதோ ஒன்று போல இருந்தது, அடித்துவிட்டேன். பாஸுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'கொடுவா' என்று சிலர் எழுதுகிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாமா?

மடல் 2

அம்மா,

நீந்து + இரை = நீந்திரை. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். குற்றியலுகரம் கெட்டு முறையாகப் புணர்ந்திருக்கிறது. நான்கே எழுத்து. இழையை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

மடல் 3

> நீந்து + இரை = நீந்திரை

ஐயா, மன்னிக்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஏரிக்கு ஓடுகிறவன் நான். உங்கள் சொல்லை முதலில் 'நித்திரை' என்றே வாசித்தேன். கடைப் பலகையில் எழுதினாலும் பாதிப் பேர் அப்படித்தான் வாசிப்பார்கள்.

எழுத்து மயக்கம் கிடக்கட்டும், பொருளே இடிக்கிறது. இரை என்றால் தின்னப்படுவது. மண்புழு இரை, உயிர்க்கெண்டை இரை. பாஸ் மீனின் உலகச் சாதனையைப் பாருங்கள். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 77 ஆண்டு கழித்து, 2009 ஜூலை 2 அன்று, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிடக் கொஞ்சம் கூடுதல், 10.12 கிலோ. பழைய சாதனையை முறியடித்ததாகக் கொள்ள 2 அவுன்ஸாவது வித்தியாசம் வேண்டும் என்பது விதி. அது இல்லாததால் இருவரும் சமம் என்று பதிந்தார்கள். குரிட்டா தூண்டிலில் கோத்திருந்தது உயிருள்ள ஒரு புளூகில் மீன். அது நீந்தியது, அது இரை. உங்கள் சொல் அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். பரிசுப் பெட்டிக்குள் இருப்பது நீந்தவும் செய்யாது, இரையும் ஆகாது. இழுத்தால் நீந்துவது போல நடிக்கும், அவ்வளவுதான்.

சகோதரிக்கு: கொடுவா வேண்டவே வேண்டாம். கொடுவா உப்புநீரிலும் கழிமுகத்திலும் வாழும் வேறொரு மீன். நீங்கள் எழுதுகிற பெருவாய்ப் பாஸ், பெயரில்தான் பாஸ். உண்மையில் வட அமெரிக்க நன்னீரில் வாழும் 'சன்ஃபிஷ்' குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலீஷ்காரர்கள் செய்த குழப்பத்தை நாமும் ஒருமுறை செய்ய வேண்டியதில்லை. 'பாஸ்' என்றே விடுங்கள், முதல் தடவை மட்டும் 'பெருவாய்ப் பாஸ்' என்று எழுதுங்கள். வாயைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் புரியும்.

அந்த வாய்தான் இந்தப் பொம்மை பிறந்ததற்கும் காரணம். 1959இல் புளோரிடா வகைப் பாஸைக் கொண்டுவந்து தெற்குக் கலிபோர்னியாவில் சான் டியேகோ ஏரிகளில் விட்டார்கள். பிற்பாடு அந்தப் பக்கத்து நீர்த்தேக்கங்களில், குளிர்காலத்தில் பிடித்து மகிழட்டும் என்று, பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட் மீன்களை லாரி லாரியாகக் கொட்டினார்கள். மனிதருக்கு விட்ட டிரவுட்டைப் பாஸ் தின்று கொழுத்தது. 1991இல் கஸ்டேக் ஏரியில் பாப் குரூப்பி பிடித்த மீன் 22 பவுண்டு. சாதனைக்குச் சில அவுன்ஸ்தான் குறைவு. முழு டிரவுட்டை விழுங்கிப் பழகிய மீனுக்கு முன்னால் 4 அங்குலப் புழுவை ஆட்டினால் திரும்பியா பார்க்கும்? டிரவுட் அளவிலேயே பொம்மை செய்தார்கள். முதலில் மரத்தில், பிறகு மெத்தென்ற பொருளில்.

ஆகவே பெயர் 'நீந்து'வதிலிருந்து வரக் கூடாது என்பது என் கட்சி. தூண்டில் பெட்டியில் பாதிக்கு மேல் நீந்துகிற சரக்குதான். இதை மற்றதிலிருந்து பிரிப்பது மூன்று விஷயம்: மீன் உருவம், மென்மை, கனம்.

மடல் 4

இடையில் நுழைகிறேன். பழைய இலக்கியத்தில் தேடாமல் புதிதாகக் கட்டுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. குறளில் 'தூண்டிற்பொன்' இருக்கிறதே? மீனை ஏமாற்றும் பளபளப்பான பொருள்தானே அது. இல்லையென்றால் 'பார்வை'. வேடர் காட்டில் கட்டிவைத்து மற்ற மான்களை வரவழைக்கும் பழக்கிய மானுக்குச் சங்க நூல்களில் பார்வை என்றே பெயர். 'பார்வை மீன்' என்று வைத்தால் அழகாகவும் இருக்கும், வேரும் இருக்கும்.

மடல் 5

> குறளில் 'தூண்டிற்பொன்' இருக்கிறதே?

அந்தப் பொன் தங்கம் அல்ல. பொன் என்பதற்கு உலோகம் என்ற பழம்பொருள் உண்டு. பரிமேலழகர் உரையில் அது இரையால் மறைந்த இரும்பு, அதாவது முள். மீன் விழுங்கியது முள்ளை. பளபளக்கும் தகட்டு வகைகளுக்கு வேண்டுமானால் யாராவது ஒருநாள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளட்டும். மெத்தென்ற பொம்மைக்குப் பொன் ஒட்டாது.

'பார்வை' எனக்கும் ஆசையான சொல். ஆனால் பார்வை மான் தன் இனத்தைக் கூப்பிடும். இது தன்னைத் தின்ன வரும் இனத்தைக் கூப்பிடுகிறது. அதோடு, இன்றைய வாசகர் 'பார்வை மீன்' என்றால் கண் மருத்துவ விளம்பரம் என்று நினைப்பார்.

நீந்திரையைப் பின்வாங்கிக்கொள்கிறேன். குரிட்டாவின் புளூகில் என்னை வீழ்த்திவிட்டது.

மடல் 6

ஐயா அவ்வளவு பெருந்தன்மையாகப் பின்வாங்கியதால் நான் ஒன்று சொல்லத் துணிகிறேன். பொய்மான் என்கிறோமே, மாரீசன் எடுத்த உருவம். அந்த மாதிரியில் 'பொய்ம்மீன்'. உருவம் மீன், உண்மையில் பொய், நோக்கம் இழுத்துச் செல்வது. மூன்றும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. (அந்த மானையும் ஒருத்தி பரிசாகத்தான் கேட்டாள் என்பதைக் கட்டுரையில் எழுதமாட்டேன்.)

ஆனால் பொய்ம்மீனில் மரத்தில் செய்ததும், துண்டு துண்டாக மூட்டு வைத்த கெட்டி வகையும் அடங்கும். நான் சொல்ல வருவது மென்மையான வகை மட்டும். 'மென்பொய்ம்மீன்' வாயில் நுழையவில்லை.

மடல் 7

> 'மென்பொய்ம்மீன்' வாயில் நுழையவில்லை

நுழைய வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு நாம் ஏற்கெனவே 'நெகிழி' என்கிறோம். நெகிழ் என்றாலே இளகு, குழை, மென்மையாகு. அந்த வேரிலேயே உங்கள் மென்மையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. 'மென்நெகிழி' என்பது கூறியது கூறல். நெகிழ் + மீன் = நெகிழ்மீன். மறுபடியும் வினைத்தொகைதான், ஆனால் இந்தத் தடவை யாருக்கும் தூக்கம் வராது.

பொய்ம்மீன் பொதுப்பெயர். நெகிழ்மீன் அதன் மென்வகை. கெட்டி வகைக்கு 'மூட்டுமீன்'.

மடல் 8

ஐயா, நெகிழ்மீனுக்கு என் இரண்டு கைகளும் மேலே. ஏனென்று சொல்கிறேன், இது சகோதரியின் கட்டுரைக்கும் உதவும்.

இந்தப் பொருளைச் செய்வதே நெகிழ்த்தித்தான். பி.வி.சி. தூளை நெகிழ்வூட்டி எண்ணெயில் கரைத்த பால் போன்ற கலவையை ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் கூழாகும். அச்சில் ஊற்றி ஆறவிட்டால் மீனாகும். 1949இல் ஒஹாயோவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் தம் வீட்டில் செய்த மென்புழு இந்த வம்சத்துக்கு மூத்தது. எண்ணெய் உள்ளேயே இருப்பதால்தான் மென்மை. அதே எண்ணெய்தான் வம்பும். சில வகைக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டால் பெட்டியே இளகும். வேறு வகை ரப்பர் பொம்மையோடு சேர்த்து வைத்தால் இரண்டும் உருகி ஒட்டும். அழகாக இருக்கட்டும் என்று ஏழெட்டு வகைகளைப் பிரித்து ஒரே கூடையில் அடுக்கி, மேலே நாடா கட்டி எனக்கு ஒருமுறை பரிசு வந்தது. ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே அல்வா. கொடுத்தவர் இந்தக் குழுவில் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எனவே வந்த உறையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அந்த உறை வெறும் அலங்காரம் அல்ல, மீனை நேராகத் தாங்கும் அச்சு. மடங்கிக் கிடந்தால் வால் அப்படியே கோணிக்கொள்ளும், கோணிய வால் நேராக ஆடாது. கோணிவிட்டால் வெந்நீரில் கொஞ்சம் முக்கி, நேராக்கிக் குளிர்ந்த நீரில் விட்டால் சரியாகும்.

வால் என்றதும் இன்னொன்று. 'பேடில் டெயில்' என்பதைத் 'துடுப்புவால்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். மீனுக்குத் துடுப்பு ஏற்கெனவே உண்டு, 'வால்துடுப்பு' என்றால் உண்மை மீனின் வாலே. இரண்டையும் திருப்பிப் போட்டால் வாசகர் கதி என்ன? இந்த வால் தண்டின் நுனியில் குறுக்காக நிற்கும் ஒரு வட்டு. அகப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் அதில் முட்டி இடமும் வலமும் தள்ள, உடம்பு முழுக்க ஆடும். 'அகப்பைவால்' என்கிறேன். ஆப்பு வடிவத்தில் தடித்துக் குறுகும் இன்னொரு வகை உண்டு. அது மெதுவாக இழுக்கும்போதே உண்மை மீன் போல அசையும். அதற்கு 'ஆப்புவால்'. சிரிக்காதீர்கள், வடிவம் அதுதான்.

இனி முக்கியமானது, கனம். 8 அங்குல நெகிழ்மீன் பலவும் 60 கிராமுக்கு மேல், 100 கிராமைத் தாண்டுவதும் உண்டு. சாதாரணப் பாஸ் கோல் தாங்குவது 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம் அளவுக்கு. அந்தக் கோலில் இதைக் கட்டி வீசினால் கோல் ஒடியும், அல்லது நரம்பு அறுந்து பரிசு மட்டும் தனியாகப் பறந்து நடு ஏரியில் இறங்கும். கைப்பிடிக்குச் சற்று மேலே கோலிலேயே எத்தனை அவுன்ஸ் என்று அச்சிட்டிருக்கும். அவர் தூங்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 6 அவுன்ஸ், 8 அவுன்ஸ் என்று ஏதாவது எழுதியிருந்தால் பயமின்றி வாங்கலாம். 1 அவுன்ஸோடு நின்றால் பெரிய நெகிழ்மீன் சுவரில்தான் தொங்கும். அப்போது 4 அங்குல அகப்பைவால் வகை போதும், அதுவும் நல்ல பரிசே.

மடல் 9

> கனம்

இதற்கும் சொல் இருக்கிறதா? சில உறைகளில் 5, 12, 16 என்று ஓர் எண் போட்டிருக்கிறார்கள். விலை எண் என்றே நினைத்திருந்தேன்.

மடல் 10

ஹடில்ஸ்டன் என்ற நிறுவனத்தின் டிரவுட் பொம்மை உறையைப் பார்த்திருப்பீர்கள். 10 நொடியில் எத்தனை அடி இறங்கும் என்பது அந்த எண். 5 என்றால் மெதுவாக இறங்கும், கரையோர ஆழமில்லாத நீருக்கு. 12 நடுவில். 16 என்றால் வேகமாக இறங்கும், ஆழமான நீருக்கு. 'அமிழ்வேகம்' என்று எழுதலாம். ஆளுக்கு எது வேண்டும் என்று தெரியாவிட்டால் அவரிடம் 'உங்கள் ஏரி எவ்வளவு ஆழம்?' என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். மீன்பிடிக்கிறவனிடம் அந்தக் கேள்வி கேட்டால் அரை மணி நேரம் பேசுவான், சந்தேகமே வராது. அந்தப் பேச்சிலேயே அங்கே பாஸ் எதைத் தின்கிறது என்பதும் வந்துவிடும். டிரவுட் விடுகிற ஏரியா, 'ஷாட்' என்கிற சிறுமீன் திரிகிற ஏரியா, புளூகில் நிறைந்ததா? நிறமும் உருவமும் அதை ஒட்டி இருக்கட்டும்.

ஐந்து மலிவானதை வாங்குவதைவிட நல்லதாக ஒன்று. ஒன்றுக்கு இரண்டாக வாங்கும் வசதி இருந்தால் அதே மீன், அதே நிறம், இன்னொன்று. முதலாவதைப் பாறை இடுக்கில் விட்டுவிட்டு நிற்கும் ஆளுக்கு இரண்டாவதின் அருமை தெரியும்.

மடல் 11

எல்லோருக்கும் நன்றி. முதல் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"பெருவாய்ப் பாஸ் பிடிப்பவர்கள் பெரிய மீனைக் குறிவைக்கும்போது பயன்படுத்தும் பொய்ம்மீன்களில் மென்மையானவை நெகிழ்மீன்கள். வாங்கும் முன் அவருடைய கோல் எத்தனை அவுன்ஸ் தாங்கும் என்று பாருங்கள். அகப்பைவாலா ஆப்புவாலா என்பதும் அமிழ்வேகமும் அதற்குப் பிறகுதான். உறையைப் பிரிக்காமல் கொடுங்கள்."

மடல் 12

நன்று. ஒரே ஒரு ஐயம். தலைப்பில் 'பெரிய நெகிழ்மீன்' என்று வைத்திருக்கிறீர்கள். எத்தனை அங்குலத்துக்கு மேல் பெரியது?

மடல் 13

ஐயா, சிலருக்கு 6, சிலருக்கு 8. கலிபோர்னியாக்காரரைக் கேட்டால் 10 என்பார். அங்குலத்தை விட்டுவிட்டு கிராமில் எழுதச் சொல்லுங்கள்.