ரங்கூன் தாத்தா தலைத்திவசம்

பெரியப்பா: ஞாயிறு காலை 11 மணிக்குப் படையல், வியாசர்பாடி வீட்டில். எத்தனை பேர் என்று இன்றே சொல்லுங்கள். சமையல்காரர் விடமாட்டேன் என்கிறார்.

சின்ன அத்தை: நாங்கள் நான்கு.

மதுரைச் சித்தப்பா: இரண்டு. இரவு பாண்டியனில் திரும்புகிறோம்.

கதிர்: படையல் முடிந்ததும் கிடாரில் ஒரு பாட்டு வாசிக்கட்டுமா பெரியப்பா? நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ ஆல்பத்தில் முதல் பாட்டு. இரண்டு நிமிடம்தான்.

சின்ன அத்தை: கிடாரா?

பெரியப்பா: தேவாரத்துக்கு ஓதுவாரைச் சொல்லியிருக்கிறேன்.

கதிர்: அவர் பாடி முடித்த பிறகுதான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நிக் டிரேக் ஆங்கிலேயர், ஆனால் பிறந்தது ரங்கூனில், 1948 ஜூன் 19. தாத்தாவும் அதே ஊர், அதே வருடம். இவருடைய அப்பா பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர். தேக்கு வணிகத்தில் பெரிய கம்பெனி அது. பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. உயிரோடு இருந்தபோது மூன்றே ஆல்பம். முதல் இரண்டில் கூட வாசிக்க ஆட்கள் உண்டு. மூன்றாவதான இதை 1971 அக்டோபரில், லண்டனில், இரண்டே இரவில் பதிவு செய்தார். கூட இருந்தவர் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும். கிடார், குரல், அவ்வளவுதான். முதல் பாட்டில் மட்டும் நடுவில் துளி பியானோ. 11 பாட்டும் சேர்த்து 28 நிமிடம்.

மதுரைச் சித்தப்பா: தேக்கு என்றதும் ஞாபகம் வந்தது. 1964இல் அப்பா கப்பலில் கொண்டுவந்த தேக்குப் பெட்டி இப்போது யார் வீட்டில்?

சின்ன அத்தை: தெரியாதது போலக் கேட்கிறீர்களே அண்ணா.

பெரியம்மா: இங்கேதான் இருக்கிறது. பூட்டைக்கூடத் திறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

மதுரைச் சித்தப்பா: பார்ப்பதற்காகக் கேட்கவில்லை அண்ணி.

பெரியப்பா: வடை எத்தனை?

அம்மா: கதிர், நேற்று நீ வாசித்ததில் சுருதியே சேரவில்லை. தந்தி தொளதொளவென்று கிடந்தது.

கதிர்: அது அவருடைய முறை அம்மா. தடித்த தந்தியை நான்கு அரைச்சுரமும், அடுத்த இரண்டு தந்திகளை இரண்டிரண்டு அரைச்சுரமும் தளர்த்த வேண்டும். அப்போது கீழ் மூன்று தந்தியும் ச, ப, ச என்று நிற்கும். தாத்தா கட்டிலில் படுத்தபடியே “இப்போதுதான் தடியன் வாயைத் திறக்கிறான்” என்பாரே!

அம்மா: ஆமாம். சொல்வார்.

சின்ன அத்தை: பாடியவர் இப்போது எங்கே?

கதிர்: 1974இல் இறந்துவிட்டார். 26 வயது.

சின்ன அத்தை: அற்பாயுசில் போனவர் பாட்டைத் திவசத்திலா? வேண்டாமப்பா.

பிரியா: ஓதுவார் பாடப்போகிற சம்பந்தர் 16 வயதில் போனவர் அத்தை.

சின்ன அத்தை: அது முக்தி.

கதிர்: அவர் இருந்தவரை ஆல்பம் விற்கவே இல்லை. 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் இந்தப் பாட்டு வந்த பிறகுதான் ஊரே வாங்கியது.

அத்தான்: எந்தக் கார்?

கதிர்: வோக்ஸ்வாகன்.

அத்தான்: நானும் கார் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோலா, மின்சாரமா?

மதுரைச் சித்தப்பா: முதலில் பழைய கடனை அடையுங்கள் மாப்பிள்ளை.

சின்ன அத்தை: மாலைக்குப் பர்மா நூடுல்ஸ், அத்தோ போடலாமா? அப்பாவுக்கு உயிர்.

பெரியம்மா: போடலாம். பூண்டு வறுப்பது யார்? போன முறை மூன்று கிலோ வெங்காயம் அரிந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா: ஓதுவார் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுவார். அதன்பிறகு பார்ப்போம். பெட்டிப் பேச்சை யாரும் அன்று எடுக்கக் கூடாது.

கதிர்: பார்ப்போம் என்றால் வாசிக்கலாம் என்றுதானே?

சின்ன அத்தை: வடை ஐம்பது போதாது.

கதிர்: பெரியப்பா?

மதுரைச் சித்தப்பா: அந்தப் பூட்டின் சாவி யாரிடம்?