16 ஆம்பியர் நீல பிளக்கை வீட்டு 13 ஆம்பியர் பாயிண்டில் மாட்டலாமா?

செராஸ்_சுரேன்:
கே.எல்.லிருந்து பினாங்கு பத்து ஃபெரிங்கி போறோம். ஹோம்ஸ்டே போர்ச்சுல ஒரே ஒரு 13 ஆம்பியர் பாயிண்ட்தான் இருக்கு. வண்டி யூகே மோட்டார்ஹோம், வெளிய இருந்து கரண்ட் எடுக்க 16 ஆம்பியர் நீல இன்லெட். கேபிள் 25 மீட்டர், 2.5 சதுர மி.மீ. அடாப்டர் போட்டு ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓட்டலாமா?

பினாங்கு_கேம்பர்:
தாராளமா ஓட்டலாம் தம்பி. 13 ஆம்பியர் × 230 வோல்ட், கிட்டத்தட்ட 3000 வாட். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் 900 வாட், பேட்டரி சார்ஜர் 500, ஃபிரிஜ் 150. எல்லாம் சேர்ந்தாலும் 7 ஆம்பியர்கூட தாண்டாது. மின் கெட்டில் மட்டும் தனியா 2200 வாட் இழுக்கும். அதைப் போடும்போது ஏர்கோனை அணைச்சிடுங்க, வேற ஒண்ணும் வேணாம்.

ஜெலுத்தோங்_வயர்மேன்:
வாட் கணக்கு சரி அண்ணே, ஆனா ஆபத்து அங்க இல்ல. 13 ஆம்பியர் ப்யூஸ் 13-லயே அறுந்துடும்னு பல பேர் நம்புறாங்க. கிட்டத்தட்ட 20 ஆம்பியரை அரை மணி நேரம் தாங்கணும்ங்கிறதுதான் அந்த ப்யூஸோட தரவிதி. அதுக்குள்ள பிளக் வெந்துடும். சூடு முதல்ல ஏறுறது லைவ் பின்கிட்ட, ப்யூஸைப் பிடிச்சிருக்கிற கிளிப்புல. சாக்கெட்டுக்குள்ள ஸ்பிரிங் தளர்ந்திருந்தா, இல்ல டெர்மினல் ஸ்க்ரூ லூசா இருந்தா, 10 ஆம்பியர்லயே பிளாஸ்டிக் பழுப்பாகும்.

அதைவிடப் பெரிய விஷயம் எர்த். மலேசிய வீடுகள் பெரும்பாலும் டிடி முறை, அதாவது வீட்டுக்குன்னு சொந்தமா மண்ணுல அடிச்ச ஒரு எர்த் கம்பி. அதோட தடை 10 ஓம்னு வைங்க. லைவ் வயர் போய் வண்டி பாடியைத் தொட்டாக்கூட அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினா தானா அணையுற ஸ்விட்ச்) அதுக்கு உடனே விழாது, பாடி முழுக்க கரண்ட்ல நிக்கும். அப்ப உயிரைக் காப்பாத்துறது ஆர்சிசிபி மட்டும்தான், அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா லைனை வெட்டுற ஸ்விட்ச். வீட்டு மெயின்ல இருக்கிறது பெரும்பாலும் 100 மில்லிஆம்பியர் கசிவுக்குத்தான் விழும். ஆளைக் காப்பாத்த 30 வேணும். அதனாலதான் சொல்றேன்: 16 ஆம்பியர் நீல சாக்கெட், தனி எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. இது இல்லாத இடத்துல ஏர்கோன் வேணாம்.

பினாங்கு_கேம்பர்:
யூகே வண்டிக்குள்ளயே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கே? ரெண்டு ராத்திரி தங்குறதுக்கு எந்த வீட்டுக்காரர் சுவரை உடைச்சு புது பாயிண்ட் போட்டுத் தருவார்?

ஜெலுத்தோங்_வயர்மேன்:
உள்ள இருக்கிறது இன்லெட்டுக்கு அப்புறம் வர்றதைத்தான் காக்கும். புல்லுல கிடக்கிற 25 மீட்டர் கேபிளும் அடாப்டரும் அதுக்கு முன்னாடி இருக்கு. யாராவது கேபிளை மிதிச்சு தோல் கிழிஞ்சா உள்ள இருக்கிற ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. சுவர் பாயிண்ட்லயே சொருகுற போர்ட்டபிள் 30 மில்லிஆம்பியர் ஒண்ணு விக்குது. குறைஞ்சபட்சம் அதையாவது போடுங்க.

பினாங்கு_கேம்பர்:
அது நியாயம், போர்ட்டபிள் கட்டாயம். ஆனா தனி பாயிண்ட் கட்டாயம்ங்கிறதை நான் ஒத்துக்கல. 10 ஆம்பியருக்குள்ள நின்னா நல்ல 13 ஆம்பியர் பிளக் தாங்கும். இன்லெட் பக்கம் ஆம்பியர் மீட்டர் ஒண்ணு வச்சா கண்ணாலேயே பார்த்துக்கலாம்.

கிள்ளான்_ஹையேஸ்:
ஜப்பான் ரீகாண்ட் (அங்க ஓடி இறக்குமதியான பழைய) கேம்பர் வச்சிருக்கவங்களுக்கும் இந்த அடாப்டரே போதுமா?

ஜெலுத்தோங்_வயர்மேன்:
போதாது. அடாப்டர் பின்னோட வடிவத்தை மாத்தும், வோல்ட்டை மாத்தாது. அந்த வண்டி 100 வோல்ட், நம்ம லைன் 230. நேரா கொடுத்தா மைக்ரோவேவும் சார்ஜரும் அப்பவே போயிடும். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் ரெண்டு சுருள் தனித்தனியா இருக்கிற வகை. மலிவா கிடைக்கிற ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்ல பொதுச் சுருள் அறுந்தா முழு 230-ம் வண்டிக்குள்ள ஏறிடும். சார்ஜர் லேபிள்ல 100–240 வோல்ட்னு இருந்தா அதை மட்டும் தனியா நேரடி லைன்ல விடலாம்.

செராஸ்_சுரேன்:
சரி, அடாப்டர்தான்னு வச்சுக்குவோம். மாட்டுறதுக்கு வரிசை என்ன?

பினாங்கு_கேம்பர்:
முதல்ல ரீல்ல இருக்கிற கேபிளை கடைசி மீட்டர் வரைக்கும் பிரிச்சுப் போடுங்க. சுத்தின கேபிள் சூட்டை வெளிய விடாது, நடுவுல இருக்கிற சுற்றுகள் இளகி ஒட்டிக்கும். வண்டி பக்கம் நீல பிளக்கை முதல்ல மாட்டுங்க, சுவர் பக்கம் கடைசில, ஸ்விட்ச் அணைஞ்ச நிலையில. அப்புறம் ஸ்விட்சைப் போட்டு, போர்ட்டபிள் ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுதான்னு பாருங்க. கழட்டும்போது சுவர் பக்கம் முதல்ல. ஏர்கோன் மட்டும் அரை மணி ஓடினதும் ஸ்விட்சை அணைச்சு, பிளக்கை உருவி லைவ் பின்னைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவால்ல, கை வைக்க முடியலன்னா அந்த பாயிண்ட் வேணாம்.

ஜெலுத்தோங்_வயர்மேன்:
நீல இணைப்பு மூடியோட இருந்தா மழைச் சாரலைத் தாங்கும், 13 ஆம்பியர் பிளக் தாங்காது. அந்த முனை கூரைக்குக் கீழ, தரையிலிருந்து உயரத்துல இருக்கணும். அடாப்டர் எடையில பிளக் கீழ இழுபடாம கேபிளை எங்கயாவது கட்டி விடுங்க. இடி இடிச்சா கழட்டிடுங்க.

எட்டு மணி நேரம் ஆள் தூங்கும்போது ஓடுற லோடை அடாப்டரை நம்பி விடுறதை நான் இன்னும் ஏத்துக்கல அண்ணே. அந்த போர்ச் பாயிண்ட் வாஷிங் மெஷினோட ஒரே 20 ஆம்பியர் சர்க்யூட்ல இருக்கலாம். சுரேன், வீட்டுக்காரர்கிட்ட டிபி பாக்ஸை (எம்சிபி, ஆர்சிசிபி இருக்கிற மெயின் பெட்டி) போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஆர்சிசிபி மேல 0.03ஏ-ன்னு (30 மில்லிஆம்பியர்) இருக்கா, 0.1ஏ-ன்னு (100 மில்லிஆம்பியர்) இருக்கான்னு பார்த்துட்டுப் பேசுவோம்.

செராஸ்_சுரேன்:
கேட்டிருக்கேன். வந்ததும் போடுறேன்.