மறு: ‘குவாட்’ தாவலுக்குத் தமிழ்? (மார்க் கொந்த்ராத்யூக் கட்டுரைக்காக)

அன்புள்ள ஐயா, நண்பர்களுக்கு வணக்கம்.

ரஷ்ய வீரர் மார்க் கொந்த்ராத்யூக் பற்றிய கட்டுரைக்காக, ‘ஃபிகர் ஸ்கேட்டிங்’ என்னும் பனித்தரை விளையாட்டில் எழும்பி நான்கு முறை சுற்றி இறங்கும் ‘குவாட்’ தாவலுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த பரிந்துரைகளை எடுத்துப் போட்டு ஒவ்வொன்றாக வருகிறேன்.

> நான்மடங்குக் குதிப்பு என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நான்மடங்கு என்றதும் உயரமோ தூரமோ நான்கு பங்கு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே நான்கு என்பது, காலில் பனி படாமல் இருக்கும் அந்த முக்கால் நொடிக்குள் உடம்பு தன் அச்சில் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. கையை மார்போடு ஒடுக்கி, காலைப் பின்னிக்கொண்டால்தான் அந்த வேகம் வரும். கையையும் காலையும் விரித்தால்தான் சுற்று அடங்கி, ஒற்றைக் காலில், பின்னோக்கியபடி, கத்தியின் வெளிவிளிம்பில் இறங்க முடியும். ஆகவே ‘மடங்கு’ வேண்டாம்.

> நால்வலம்: ஓசை இனிமையாக இருக்கிறது, வலம் வருதல் நம்முடைய சொல்தானே.

ஓசை எனக்கும் பிடித்தது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான சறுக்கு வீரர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். அது வலம் இல்லை, இடம். நால்வலம் என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே ஆள் அப்பிரதட்சிணமாகச் சுற்றும் படத்தைப் போட்டால் நம் மானம் போய்விடும்.

> நாற்சுழல் என்பதே செறிவாக இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் ‘ஸ்பின்’ என்று தனியாக ஓர் உறுப்பு உண்டு. பனியை விட்டு எழும்பாமல், நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழல்வது. அதற்கு வேறு மதிப்பெண், வேறு விதி. ‘சுழல்’ என்ற சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்தால் புள்ளி அட்டவணையைத் தமிழில் எழுதவே முடியாது.

என் பரிந்துரை: நாற்சுற்று. கூடவே முச்சுற்று, இருசுற்று, ஒருசுற்று. முழுப்பெயர் வேண்டுமென்றால் நாற்சுற்றுத் தாவல். (‘தாவல்’ ஏற்கெனவே உலாவிகளில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, தெரியும். பனித்தரையில் யாரும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.) ‘சுற்று’ போட்டிச் சுற்றையும் குறிக்குமே என்ற மறுப்புக்குப் பதில்: அதை ‘நான்காம் சுற்று’ என்போம், இதை ‘நாற்சுற்று’ என்போம். புணர்ச்சியே வேலி போட்டுவிடுகிறது.

இதில் இன்னொரு ஆதாயம் உண்டு. நான்கு சுற்றும் முழுதாக முடியாமல், கால் சுற்றுக்கு மேல் குறைந்து இறங்கினால் நடுவர்கள் தாளில் ‘<’ என்ற குறியைப் போடுவார்கள், தாவலின் அடிப்படை மதிப்பு வெட்டுப்படும். அதற்குக் ‘குறைசுற்று’ என்ற சொல் தானாகவே வந்து விழுகிறது. ‘குறைமடங்கு’, ‘குறைவலம்’ என்றெல்லாம் சொல்லிப் பாருங்கள், ஒட்டாது.

சொல்லைத் தனியாக நிறுத்தி அழகு பார்ப்பதைவிட வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கட்டுரை வரைவிலிருந்து ஒரு பகுதி (குறுநிகழ்வு, நெடுநிகழ்வு என்பவை ஒரே போட்டியின் இரண்டு பகுதிகள்; இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் மொத்தம்):

“மார்க் கொந்த்ராத்யூக் 2003 செப்டம்பர் 3 அன்று பிறந்தவர், பயிற்சியாளர் ஸ்வெத்லானா சொகலோவ்ஸ்கயா. நாற்சுற்று சால்கோவும் நாற்சுற்று டோ லூப்பும் அவருடைய முதன்மைத் தாவல்கள். 2021 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த ரஷ்யத் தேசியப் போட்டியில் வென்றார். அடுத்த மாதம் எஸ்தோனியத் தலைநகர் தாலினில், குறுநிகழ்வில் சக நாட்டவர் ஆந்திரே மொசலியோவுக்கு ஒரு புள்ளிக்கும் குறைவாகப் பின்தங்கியிருந்தவர், நெடுநிகழ்வில் முந்தி, மொத்தம் 286.56 புள்ளிகளுடன் ஐரோப்பிய வாகையர் ஆனார். இத்தாலியின் டேனியல் கிராஸ்ல் 274.48, லாத்வியாவின் டெனிஸ் வாசிலியெவ்ஸ் 272.08. மொசலியோவ் நான்காம் இடத்துக்கு இறங்கினார்.”

தடுக்காமல் படிக்க முடிகிறதா? எனக்கு முடிகிறது.

சால்கோவையும் டோ லூப்பையும் தமிழாக்க வேண்டாம் என்பது என் கருத்து. சால்கோவ் ஒரு சுவீடன்காரரின் பெயர், ஆக்செல், லுட்ஸ் என்ற மற்றத் தாவல்களும் ஆள் பெயரால் வந்தவையே. ஆள் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் அவற்றைப் பிரிக்கும் வகைப் பெயர் தமிழில் இருக்கட்டும். சால்கோவ் விளிம்புத்தாவல்: இடது காலின் உள்விளிம்பில் பின்னோக்கிச் சறுக்கி வந்து, மற்றக் காலைச் சுழற்றி வீசி, அந்த வீச்சிலேயே எழும்புவது. டோ லூப் பல்லூன்று தாவல்: கத்தியின் நுனியில் ரம்பம்போல் இருக்கும் பல்லைப் பனியில் குத்தி எழும்புவது. 2022-இல் நாற்சுற்றில் சால்கோவுக்கு அடிப்படை மதிப்பு 9.7, டோ லூப்புக்கு 9.5, லுட்ஸுக்கு 11.5. இந்த இரண்டு புள்ளி வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அப்போது நெடுநிகழ்வில் ஏழு தாவல் உறுப்புகள் இருந்தன, அவற்றில் நாற்சுற்று எது, எத்தனை என்பதைப் பொறுத்து ஒருவர் களத்தில் இறங்கும் முன்பே அவருடைய உச்சவரம்பு ஏறக்குறைய எழுதப்பட்டுவிடுகிறது. ஐரோப்பாவில் முதலிடம் பெற்றவர் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென்னோடு மோதும்போது என்ன ஆகும் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. அங்கே நாடுகளுக்கிடையிலான குழுப் போட்டிக் குறுநிகழ்வில் சென் 111.71, ஜப்பானின் ஷோமா உனோ 105.46, மூன்றாவதாக வந்த கொந்த்ராத்யூக் 95.81.

இனி ஐயா கேட்ட அடுத்த கேள்வி.

> பதக்கப் பட்டியலில் என்ன எழுதுவது? தங்கமா, வெண்கலமா? நாடு என்ன?

இங்கேதான் சொல்லைவிடச் செய்தி வழுக்குகிறது. தாலினில் அவர் ரஷ்யா என்ற பெயரிலேயே ஆடினார், ஊக்கமருந்து விவகாரத்தால் நாட்டின் பெயருக்கு விழுந்த தடை ஐரோப்பியப் போட்டியைத் தொடவில்லை. மூன்றே வாரத்தில் பெய்ஜிங்கில் ‘ரஷ்ய ஒலிம்பிக் குழு’. அட்டவணையில் இரண்டையும் ஒரே கொடியின் கீழ் போட்டால் பிழை.

குழுப் போட்டியில் ஆடவர் குறுநிகழ்வு, நெடுநிகழ்வு இரண்டையும் அவரே ஆடினார். மூன்றாமிடத்துக்கு 8, நெடுநிகழ்வில் ஜப்பானின் யூமா ககியாமாவுக்கு அடுத்த இரண்டாமிடத்துக்கு 9, ஆக 17 புள்ளி. அணி 74 புள்ளியுடன் முதலிடம். அப்புறம்தான் அதே அணியின் கமீலா வலியேவாவின் ஊக்கமருந்துச் சோதனை மாதிரி பற்றிய செய்தி வந்தது. பெய்ஜிங்கில் பதக்கம் வழங்கும் நிகழ்ச்சியே நடக்கவில்லை. அந்த மாதிரி எடுக்கப்பட்டது 2021 டிசம்பர் 25, அதாவது கொந்த்ராத்யூக் வென்ற அதே தேசியப் போட்டியில். 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் வலியேவாவைத் தகுதிநீக்கம் செய்தது. மறுநாளே பன்னாட்டுச் சறுக்குச் சங்கம் அவருடைய 20 புள்ளிகளைக் கழித்தது: 54. அமெரிக்கா 65, ஜப்பான் 63, கனடா 53.

கனடா சும்மா இருக்கவில்லை. வலியேவா நீங்கியதும் அவருக்குப் பின்னால் வந்தவர்களை ஓரிடம் மேலேற்றியிருக்க வேண்டும், அப்படிச் செய்தால் வெண்கலம் எங்களுக்கு என்று முறையிட்டது. நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது, ஆனால் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. எனவே கட்டுரையில் ‘3-ஆம் இடம் (2024 மறுகணக்கீடு)’ என்று எழுதலாம். தங்கம் என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் மழுப்புவது கூடாது. அந்த 54-இல் 17 கொந்த்ராத்யூக் சேர்த்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். தனிநபர் போட்டியில் அவருக்கு 15-ஆம் இடம்தான், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு பன்னாட்டுத் தொழில் அப்படியே நின்றுபோகிறது. 2022 மார்ச் 1 அன்று உக்ரைன் போரை முன்னிட்டு ரஷ்ய, பெலாரஸ் வீரர்களுக்குத் தடை. அந்த மாதம் மோம்பெல்லியேவில் நடந்த உலகப் போட்டி அவருக்கு இல்லை. அடுத்த ஆண்டு பின்லாந்தின் எஸ்போவில் ஐரோப்பியப் பட்டத்தைப் பிரான்சின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா வென்றார். வரைவில் யாரோ ‘பட்டத்தை இழந்தார்’ என்று திருத்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அவர் தோற்கவில்லை, ஆட விடப்படவில்லை. 18 வயது வாகையருக்கு அதற்குப் பிறகு உள்நாட்டுப் போட்டிகள் மட்டுமே.

அன்புடன்.

—

தம்பி,

நாற்சுற்றுக்கு என் ஒப்புதல். ஒரே ஒரு முள். ஆக்செல் மட்டும் முன்னோக்கி எழும்பிப் பின்னோக்கி இறங்குவது, அதனால் அரைச் சுற்று கூடும். ‘முச்சுற்று ஆக்செல்’ என்று எழுதினால் உள்ளபடிக்கு மூன்றரை. நாற்சுற்று ஆக்செல் நாலரை. 2022-இல் இலியா மலினின் போட்டியில் முதன்முதலாக அதை இறக்கியபோது ஏன் அத்தனை ஆரவாரம் என்பது அந்த அரையில்தான் இருக்கிறது. சொல்லை மாற்ற வேண்டாம், கட்டுரையில் ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள்.

விளையாட்டின் பெயரே இன்னும் தொங்கலில் இருக்கிறது. நாளிதழ்கள் மலைச்சரிவில் வழுக்கி வருவதையும் இதையும் சேர்த்துப் பனிச்சறுக்கு என்றே எழுதுகின்றன. நான் கோலச்சறுக்கு என்பேன். கத்தியால் பனியில் எட்டு வடிவமும் வளையமும் கீறிக் காட்டுவதுதான் ஆதியில் இந்த விளையாட்டு. 1990 வரை அதற்குக் கட்டாய மதிப்பெண் இருந்தது. ரஷ்யாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1908 லண்டனில் வாங்கித் தந்த நிக்கலாய் பானின் வென்றதே ‘சிறப்பு உருவங்கள்’ என்ற பிரிவில்தான். ஒரு தாவல்கூடக் கிடையாது, முழுக்க முழுக்கக் கோலம். இன்றைக்குக் கோலம் போய்த் தாவல் மட்டும் மிஞ்சிவிட்டதே என்று கேட்பீர்கள். ரஷ்யர்களும் பழைய பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

—

ஐயா, அண்ணா இருவருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து எழுதுகிறேன்.

கோலச்சறுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் வினைச்சொல்லில் ஒரு வில்லங்கம். “இறுதிப் போட்டியில் கொந்த்ராத்யூக் சறுக்கினார்” என்று எழுதினால் ஆடினாரா, கோட்டை விட்டாரா? தமிழில் சறுக்கல் என்றாலே தோல்விதான். தலைப்பு எழுதுபவர்களுக்குக் கொண்டாட்டம், படிப்பவருக்குத் திண்டாட்டம். வினையாக ‘ஆடினார்’ என்றே எங்கும் எழுதுவோம். விழுந்தால் ‘விழுந்தார்’.

இன்னொன்று. நாற்சுற்றுக்கு எழும்பிவிட்டு நடுவானில் பயந்து விரிந்து, ஒருசுற்றோடு இறங்கிவிடுவதை இங்கே ‘பாப்’ என்பார்கள். குறைசுற்று அதற்குப் பொருந்தாது, அங்கே சுற்ற முயன்று போதவில்லை, இங்கே முயற்சியையே கைவிட்டாயிற்று. ‘விடுதாவல்’ என்று ஒன்று தோன்றுகிறது. கட்டுரையைப் பதிவேற்றும் முன் இதற்கு மட்டும் ஒரு முடிவு சொல்லிவிடுங்கள் அண்ணா. மொசலியோவ் பக்கத்தையும் நானே எழுதுகிறேன்.